புதுப்பிப்பு: செபோலியா ஈதர் எங்கே போனது என்ற என் கேள்விக்கு விடை

எத்தீரியம் என்னும் பிளாக்செயினின் நாணயமான ஈதரின் சோதனை வடிவம், அதாவது இலவசமாகப் பெற்ற செபோலியா ஈதர், என் எத்தீரியம் வாலட்டில் (நாணய இருப்பைக் காட்டும் செயலியில்) ஏன் தெரியவில்லை என்று சென்ற வாரம் இந்த இழையில் கேட்டிருந்தேன், விடை கிடைத்துவிட்டது. 2015 ஜூலை 30 முதல் இயங்கும் மெயின்நெட்டிலும் (உண்மையான ஈதர் புழங்கும் முதன்மை நெட்வொர்க்), செபோலியா என்னும் டெஸ்ட்நெட்டிலும் (நிரல்களைச் சோதிப்பதற்கான நெட்வொர்க்) ஒரே தனிச்சாவி, அதாவது கணக்கின் ரகசியக் குறியீடு, ஒரே முகவரியைத்தான் தருகிறது என்றாலும், இரண்டும் தனித்தனிப் பேரேடுகள் என்பதால் ஒன்றின் இருப்பு மற்றொன்றில் தோன்றாது. வாலட்டில் நெட்வொர்க்கை மாற்றியதும் தொகை தெரிந்தது.

ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அடையாளம் காட்ட ஒரு சங்கிலி எண் உண்டு: மெயின்நெட்டினுடையது 1, செபோலியாவினுடையது 11155111. இன்றைய வாலட்டுகள் இவ்வெண்ணைக் கையொப்பத்திலேயே சேர்ப்பதால், சோதனைக்காக ஒப்பமிட்ட பரிவர்த்தனையை எவரும் எடுத்து மெயின்நெட்டில் செலுத்திவிட முடியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

சோதனை ஈதருக்கு விலை இருக்கக் கூடாது என்பதே நோக்கம். ஆயினும் 2023இல் கோர்லி என்னும் மற்றொரு டெஸ்ட்நெட்டின் ஈதர் காசுக்கு விற்கப்பட்டது. என் ஒப்பந்த நிரலை (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலை) இன்னும் இரண்டு வாரம் செபோலியாவிலேயே சோதிப்பேன்.