மாங்கன்று நர்சரிக்கு வலைப்பக்கம்: எந்த எடிட்டர் (பக்கம் கட்டும் கருவி) நல்லது?

கேள்வி:
போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. பெங்களூரா, செந்தூரா, மல்கோவா எல்லாவற்றுக்கும் படமும் விலையும் போட்டு ஒரு பக்கம் வேண்டும். வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் எனக்குத் தெரியாது. விலை மாறினால் அப்பாவே போனில் மாற்ற முடிய வேண்டும். அதுதான் முக்கியம்.

பதில் 1:
விக்ஸ் (Wix) என்ற தளம் கட்டும் சேவையைப் பாருங்க அண்ணா. படத்தை இழுத்து வைத்தால் போதும், அழகாக வரும்.

பதில் 2:
அழகு சரி. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரமும் இருக்கும். நாளைக்குக் கடை வளர்ந்தால் இது உறுத்தும். என் யோசனை கூகுள் சைட்ஸ், கூகுளின் இலவசத் தளம் கட்டும் கருவி. விலைப்பட்டியலை மட்டும் கூகுள் ஷீட்டில் (இணையத்தில் இருக்கும் அட்டவணை) வைத்து, அதைப் பக்கத்தில் பதியுங்கள். அப்பா ஷீட்டில் எண்ணை மாற்றினால் பக்கத்திலும் மாறிவிடும், எடிட்டரையே தொட வேண்டாம். ஷீட்டை யாரும் பார்க்கலாம், ஆனால் திருத்த முடியாது என்று வைக்க மறக்காதீர்கள்.

பதில் 3:
பின்னாடி பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள். 2018இல் வந்த 5.0 பதிப்பு முதல், பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது, போன் செயலியும் உண்டு. எதுவானாலும் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்.

கேட்டவர்:
ஷீட் வழி அப்பாவுக்குச் சரிவரும். இன்றைக்கே செந்தூராவில் ஆரம்பிக்கிறேன்.