வைஃபை டிரைவர் கோடு: லினக்ஸா, ஓபன்பிஎஸ்டியா, எதை முதலில் படிப்பது?

அடையாறு ஆலமரம்:
வைஃபை கார்டை இயக்கும் நிரலான டிரைவரைக் கற்றுக்கொள்ள வருபவர்கள், லினக்ஸ் போல இன்னொரு திறந்த மூல இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் ஆரம்பியுங்கள். இன்டெல் கார்டுக்கான ஐடபிள்யூஎம் டிரைவர் அங்கே பெரும்பாலும் ஒரே சி ஃபைல். லினக்ஸின் ஐடபிள்யூஎல்வைஃபை பல டைரக்டரிகளில் கிடக்கிறது. ஒரு பாக்கெட்டைத் துரத்தவே பத்து ஃபைல் திறக்க வேண்டும்.

கிண்டி கெர்னல்:
வேலை குறைவு, அதனால் கோடும் குறைவு சார். ஐடபிள்யூஎம் அக்சஸ் பாயின்டாக, அதாவது மற்றவர்களுக்கு வைஃபை கொடுக்கும் ஹாட்ஸ்பாட்டாக, ஓடாது; கிளையன்டாக நெட்வொர்க்கில் சேரும், மானிட்டராகக் காற்றில் போவதைக் கேட்கும், அவ்வளவுதான். ஓபன்பிஎஸ்டியில் இன்டர்ஃபேஸ் முழுதுக்கும் ஒரு நேரத்தில் ஒரே நிலை: இனிட் (தொடக்கம்), ஸ்கேன் (தேடல்), ஆத் (அடையாளச் சரிபார்ப்பு), அசோக் (இணைப்பு), ரன் (ஓட்டம்) இவற்றில் ஒன்று. லினக்ஸில் டிரைவர்களுக்கு மேலே இருக்கும் பொது வைஃபை அடுக்கான மேக்80211 ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் (எதிர்முனைக் கருவிக்கும்) தனி நிலை வைக்கிறது. கார்டு இடம் கொடுத்தால் கிளையன்டும் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்தே ஓடும். ஐடபிள்யூஎல்வைஃபை, கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதிய பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கித் தேடும். கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவைக் காட்டும் டிமெசேஜில் -2 என்று வந்தால் அந்தப் பதிப்பின் ஃபைல் இல்லை என்றுதான் பொருள். கடைசிப் பதிப்பும் கிடைக்காவிட்டால்தான் கார்டு எழாது.

அடையாறு ஆலமரம்:
அந்த ஐந்து நிலைகள்தான் படிப்பவருக்குக் கைப்பிடி. நிலையை மாற்றும் நியூஸ்டேட் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். நிலைமாற்றத்தை அங்கேயே முடிக்காமல் பிறகு செய்ய டாஸ்க் வரிசையில் போடுகிறார்கள். காரணம்: ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பினால் பதிலுக்குத் தூங்கிக் காத்திருக்க வேண்டும். கார்டு கூப்பிட்டவுடன் ஓடும் இன்டரப்டுக்குள் தூங்கினால் கெர்னல் விழும். வைஃபை பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டபிள்யூபிஏ கைகுலுக்கலும் கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது, நெட்வொர்க் அமைக்கும் இஃப்கான்ஃபிக் கட்டளை ஒரு வரி போதும்.

கிண்டி கெர்னல்:
வீட்டு வைஃபைக்குப் போதும். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் கல்லூரி நெட்வொர்க்கில் ஓபன்பிஎஸ்டியிலும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற உள்நுழைவு நிரலைத் தனியாக நிறுவித்தான் ஆக வேண்டும்.

பெரம்பூர் பைட்:
டிரைவரை மட்டும் எடைபோட்டால் கணக்கு தப்பும். ஓபன்பிஎஸ்டியின் உறவான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் பாருங்கள். ஐடபிள்யூஎல்வைஃபைக்கு ஜிபிஎல், பிஎஸ்டி என இரட்டை உரிமம், எடுத்துக்கொண்டார்கள். மேக்80211 ஜிபிஎல் மட்டும், அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஈடானதை லினக்ஸ் டிரைவரை ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்ட உதவும் லினக்ஸ்கேபிஐ அடுக்கில் தாங்களே எழுத வேண்டியிருந்தது. 2022-இல் ஃப்ரீபிஎஸ்டி 13.1 வந்தபோது அதே டிரைவர், ஆனால் பழைய வைஃபை தரங்களான 11ஏ/பி/ஜி வேகம்தான். குறை மேலே இருந்த அடுக்கில்.

நேர்மையாக ஒப்பிட ஏத்தெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9285 வைஃபை சிப்பை எடுங்கள். ஃபர்ம்வேர் ஃபைலே வேண்டாம், எதுவும் ஒளிந்திருக்காது. அதன் டிரைவர் லினக்ஸில் ஏடிஎச்9கே, ஓபன்பிஎஸ்டியில் ஏடிஎச்என், ஃப்ரீபிஎஸ்டியில் ஏடிஎச். சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு தேடும்போது அட்டையில் சிப் எண்ணைப் பாருங்கள். அது பழைய மினி பிசிஐஇ வகை, புதிய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட்டில் நேராக உட்காராது. சில லேப்டாப்களின் பயோஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது.

கிண்டி கெர்னல்:
ஏஆர்9285 சரி. ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ், 11என் வரைதான். அடுத்த வைஃபை தரமான 11ஏசி-யின் கோடு படிக்க மறுபடி இன்டெலுக்குத்தான் வரவேண்டும்.