யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் சென்சார் அடாப்டர் தெரிகிறது, ஆனால் மென்பொருள் "அடாப்டர் இல்லை" என்கிறது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பாலக்கோடு புழுமனை:

போன ஜனவரியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எங்களுடையது பட்டுப்புழு வளர்க்கும் மனை. ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி, டிஎஸ்9490ஆர் யூஎஸ்பி அடாப்டர், ஒரே டேட்டா வயரில் பல சென்சார்களைக் கோக்கும் ஒன்-வயர் லைனில் ஆறு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், மேலே அவற்றைப் படித்துக் கொடுக்கும் ஓடபிள்யூசர்வர் மென்பொருள். ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே அந்த அளவைப் பார்த்துத்தான் ஓடும். புழு, கூடு கட்டும் முன் வரும் கடைசியான ஐந்தாம் பருவத்தில் நாலாவது நாள், மொத்தத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும், 24, 25 டிகிரியில் நிறுத்தணும், இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போய் வந்தது. பை தானாகவே எழுந்துகொண்டது. இரண்டு மணிக்கு அம்மா வந்து எழுப்பி, "கண்ணு, மனையில சத்தமே இல்ல, குளுருதா பாரு" என்றார்கள். நான் போனைப் பார்த்தேன், 25.2. "இருபத்தஞ்சு இருக்கும்மா, போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் பருவத்தில் மனைக்குள் நுழைந்தால் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி தழை தின்னும் சத்தம் கேட்குமே, அது இல்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரில் 19.

ஹீட்டரைக் கையால் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் அடாப்டரின் அடையாள எண் 04எஃப்ஏ:2490 அழகாக நிற்கிறது, ஓடபிள்யூசர்வரோ அடாப்டரே இல்லை என்கிறது. விடியும்போதுதான் பிடிபட்டது. லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் டிஎஸ்2490 டிரைவர் மாட்யூல் பூட் ஆகும்போதே அடாப்டரைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் ஓடபிள்யூசர்வருக்குக் கிடைக்கவில்லை. முதன்முதலில் அமைத்தபோது அந்த மாட்யூலைக் கையால் கழற்றியிருந்தேன், தானாக ஏறக்கூடாத மாட்யூல்களின் பட்டியலான பிளாக்லிஸ்டில் எழுதவில்லை. மாதக்கணக்கில் ரீபூட்டே ஆகாததால் தெரியவில்லை. 25.2 எங்கிருந்து வந்ததென்றால், வரைபடத்தில் இடைவெளி விழக்கூடாதென்று, அளவு வராவிட்டால் கோப்பில் இருக்கும் கடைசி அளவையே காட்டும்படி நானே எழுதி வைத்திருந்தேன். ரிலேயும் அதையே நம்பிக்கொண்டிருந்தது.

புழு செத்துவிடவில்லை, கூடு கட்டுவது ஒரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் நேரில் காதால் கேட்டுவிட்டு வந்து சொன்னவரிடம் போனைப் பார்த்து "இருபத்தஞ்சு இருக்கும்மா" என்றேனே, அதுதான் உறுத்துகிறது.

தளி ரோஜாக்காரன்:

உங்கள் அம்மா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்களுடையது பசுமைக்குடில், பை ஜீரோ, ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பு வழியாக ஒன்-வயர் லைனை ஓட்டும் டிஎஸ்2482-100 சிப். பகலெல்லாம் 18 என்ற முகவரியில் ஒழுங்காக நிற்கும், விடிகாலை மூடுபனி போல நீர் தெளிக்கும் ஃபாகர் ஓடி முடிந்தால் காணாமல் போகும். போர்டை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், பவர் அடாப்டரையும் மாற்றினேன், மூன்று வாரம் போய்விட்டது. ஒரு நாள் காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு, எந்த முகவரிகளில் சிப் இருக்கிறது என்று அட்டவணையாகக் காட்டும் ஐ2சி-டிடெக்ட் ஓட்டினேன். எப்போதும் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும் அட்டவணை அன்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து வருகிறது, எல்லாம் வெறும் கோடு. அப்போதுதான் மண்டையில் ஏறியது, சிப் இல்லாமல் போனால் அட்டவணை வேகமாக வந்து காலியாக இருக்கும், இப்படித் தவழ்ந்து வந்தால் யாரோ லைனைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜம்பர் வயரைப் பிடுங்கினால் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு, ஈரம் ஏறினால் பக்கத்து கிரவுண்ட் பின்னோடு ஒட்டிவிடுகிறது. இப்போது எல்லாமே சால்டரிங், மூடிய பெட்டி.

அப்புறம் ஒரு தடவை 18 இருந்த இடத்தில் யூயூ என்று வந்தது, அந்தச் சிப்பும் போய்விட்டதென்று கழற்றி வைத்துவிட்டேன்.

காவேரிப்பட்டணம் வயர்மேன்:

தளி தம்பி, அந்தச் சிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூயூ என்றால் அந்த முகவரியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், அதாவது எல்லாம் சரியாக இருக்கிறது. டிஎஸ்2482 மாட்யூல் ஏறியதும் அப்படித்தான் காட்டும்.

பாலக்கோட்டுத் தம்பி சொன்ன பிளாக்லிஸ்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெர்னல் மாட்யூல் அடாப்டரைப் பிடித்தது தப்பில்லை, அதன் வேலையே அதுதான். அதையே வைத்துக்கொண்டு சிஸ் கோப்பகத்தின் டபிள்யூ1 பகுதியில் 28 என்று தொடங்கும் சென்சார் கோப்புகளை நேராகப் படிக்கலாம், ஓடபிள்யூசர்வரே வேண்டாம். ஒரு அடாப்டருக்கு இரண்டு எஜமானர்கள் இருந்ததுதான் தப்பு. எவரை வைத்துக்கொள்வது என்று முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும்.

என் கதை சின்னது. ஒரு புளிக் கிடங்கில் எட்டு சென்சார் போட்டேன், மறுநாள் ஐந்துதான் தெரிந்தது. கிடங்குக்காரர் பக்கத்தில் நின்று "நேத்து எண்ணிக் காட்டுனீங்களே" என்றார், எனக்குப் பதில் வரவில்லை. பை பெட்டியிலிருந்து எட்டு வயரையும் நட்சத்திரம் மாதிரி எட்டுத் திசைக்குப் பிரித்திருந்தேன். ஒன்-வயருக்கு அது ஆகாது, ஒவ்வொரு கிளையின் முனையிலிருந்தும் சிக்னல் எதிரொலித்து வரும். ஒரே லைனாக இழுத்துச் சென்சார்களை வழியில் தொட்டுக்கொண்டு போனதும் எட்டும் வந்தது.

புதிதாக அமைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் பாருங்கள். அடாப்டரைச் செருகும்போது ஒரு வரிகூட வராவிட்டால் மென்பொருளைத் தொடவே வேண்டாம், கேபிளைப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும். வரி வந்து உடனே துண்டித்துத் துண்டித்துச் சேர்ந்தால் பவர் போதவில்லை, பை 3-ல் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே எச்சரிக்கை வரும். அடாப்டர் இல்லாமல் நேராகப் பையின் ஜிபிஐஓ 4 பின்னில் போடுகிறவர்கள் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், 5 வோல்ட்டில் கட்டினால் பையின் கால் தாங்காது. கான்ஃபிக் கோப்பில் ஒன்-வயரை இயக்கும் டிடி-ஓவர்லே வரியை மறக்காதீர்கள். 2012-ல் வந்த முதல் ரிவிஷன் போர்டு யாரிடமாவது இருந்தால் அதில் ஐ2சி பஸ் 0, அப்புறம் வந்ததில் 1. சென்சார் திடீரென்று சரியாக 85 டிகிரி காட்டினால் அது வெப்பமில்லை, சிப் இப்போதுதான் உயிர் பெற்று இன்னும் அளக்கவில்லை, அந்த அளவைத் தள்ளிவிடுங்கள். 12 பிட்டில் ஒரு தடவை அளக்க முக்கால் விநாடி ஆகும், அதற்குள் அவசரப்பட்டுப் படித்தாலும் இதே கதைதான்.

பென்னாகரம்:

ஐயா சொன்ன டிடி-ஓவர்லே வரியை ஒழுங்காக எழுதியும் எனக்கு வேலை செய்யவில்லை. 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ் பதிப்பான புக்வோர்மில் கான்ஃபிக் கோப்பு பூட் கோப்பகத்துக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்கோப்பகத்துக்குப் போய்விட்டது, நான் பழைய இடத்திலேயே எழுதி எழுதி ரீபூட் செய்துகொண்டிருந்தேன். கல்லூரிப் புராஜெக்ட், மறுநாள் காலை காட்டணும். பக்கத்து டேபிள்காரனுக்கு வேறு மாதிரி. அவனிடம் உபுண்டு 22.04, சிஎச்340 யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் செருகினதும் அதற்கான டிடிஒய்யூஎஸ்பி0 போர்ட் வந்து ஒரே விநாடியில் போய்விடும். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் நிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிரலை நீக்கியதும் போர்ட் போகாமல் நிலைத்து நின்றது. ராத்திரி மூன்று மணிக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அளவு வந்தது, வார்டன் எழுந்து வரும் அளவுக்குக் கத்திவிட்டோம்.

பாலக்கோடு புழுமனை:

வயர்மேன் அண்ணா, இரண்டு எஜமானர் என்று சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மனை இரண்டாக இருக்கிறது, பக்கத்து மனையின் அளவையும் நெட்வொர்க் வழியாக எடுப்பதால் ஓடபிள்யூசர்வர் எனக்கு வேண்டும், பிளாக்லிஸ்ட் அப்படியே இருக்கட்டும்.

கடைசி அளவைக் காட்டும் வரியை மட்டும் அழித்துவிட்டேன். இரண்டு நிமிஷம் புது அளவு வராவிட்டால் மனை வாசலில் பஸ்ஸர் அடிக்கும். அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், அம்மா தூங்கும் அறை வரைக்கும் கேட்கிறது. அடுத்த முட்டைத் தொகுதி வருகிற திங்கள் வருகிறது.