லொய்க்கர்பாட்: வெந்நீரூற்று ஊரில் சந்தித்தவர்கள்

அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீரில் நடந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னார். சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மலையில் இருக்கும் லொய்க்கர்பாட்டுக்குக் கூட்டிப் போவதென்று முடிவு செய்தோம். பேர்னிலிருந்து லொய்க் வரை ரயில், பிறகு பஸ்ஸில் அரை மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினால் 1,400 மீட்டர் உயரத்தில் ஊர். சுற்றிலும் செங்குத்தான பாறை. பயணம் சுகமாகத்தான் இருந்தது. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

நாங்கள் திருகோணமலை. எங்களுக்கு வெந்நீரூற்று என்றால் கன்னியா. இறந்த தாய்க்கு ஈமக்கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் குத்திய இடம் என்பார்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எங்கள் குடும்பத்தில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அங்கேதான் போவோம். அதனால் அம்மா நேராகவே கேட்டார்: "இப்போது யாருக்கு அந்தியேட்டி?" மகன் சொன்னால் எடுபடாது என்று என் மனைவி, "மாமி, இது மருந்துத் தண்ணீர்" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லித்தான் அவர் புறப்பட்டார்.

உடையும் ஒரு பிரச்சினை. கையும் காலும் மூடிய நீச்சலுடை ஒன்று வாங்கினோம். அந்தக் காலத்தில் அங்கே ஆணும் பெண்ணும் நீளமான அங்கி அணிந்து, மணிக்கணக்காகத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்களாம். சாப்பாட்டுத் தட்டும் புத்தகமும் மரப்பலகையில் முன்னால் மிதக்கும். பழைய படம் ஒன்றைக் காட்டியபோது, "அந்த வழக்கத்தை ஏன் விட்டார்கள்?" என்றார் அம்மா.

தண்ணீர் 51 பாகை வரை சூடாக வெளியே வருகிறது. ஆறவைத்துத்தான் தொட்டிகளுக்கு விடுகிறார்கள். நாளொன்றுக்கு 39 இலட்சம் லீட்டர். மழையும் உருகிய பனியும் பாறைக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி, ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிற தண்ணீர் அது.

நாங்கள் போனது தை மாதம். திறந்தவெளித் தொட்டியில் கழுத்துக்குக் கீழே வெந்நீர், மேலே உறைகுளிர். அம்மாவின் நனைந்த முடி நுனி விறைத்துக் குச்சியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற உள்ளூர் ஆச்சி ஒருவர் தன் முடியை ஒடிப்பதுபோல் நடித்துக் காட்டிச் சிரித்தார். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து முழங்காலைத் தூக்கி, அறுவை செய்த தழும்பைக் காட்டினார். அம்மா தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். வாலிஸ் ஜெர்மன் இத்தனை வருடம் சுவிஸில் இருக்கும் எனக்கே பாதிதான் விளங்கும். அம்மாவுக்கு அது ஒரு தடையாகவே இல்லை. அவர் தமிழிலேயே பதில் சொன்னார். தண்ணீர் எந்த இடத்தில் வேகமாகப் பீச்சும், முதுகை எங்கே கொடுக்க வேண்டும் என்று அந்த ஆச்சி கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினார். வலி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினார், அவ்வளவுதான்.

* * *

மேலே எழுதியவரின் அம்மா கொடுத்துவைத்தவர். 1980களின் கடைசியில் அதே ஊரில் ஒரு ஹோட்டலில் நான் கோப்பை கழுவினேன். வேலைக்காரர்களாகிய நாங்கள் வெந்நீர்த் தொட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். யாரும் கெடுதல் செய்யவில்லை. பார்ப்பார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஹோட்டலுக்கு இறைச்சி கொண்டுவருகிறவர் மட்டும் நின்று கதைப்பார். 1951இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அந்த ஊரில் வந்து தங்கியிருந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கு முன் அந்த மக்கள் கறுப்பரைக் கண்டதில்லை. பிள்ளைகள் அவர் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள், முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். "அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன்" என்றார். அவருக்குக் காது சிவந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளை உள்ளே எடுத்தேன். அடுத்த வாரம் எனக்கென்று ஒரு ஆட்டுத்தொடை கொண்டுவந்து தந்தார், பணம் வாங்கவில்லை.

அந்த ஊரின் இன்னொரு கதையும் தெரிந்திருக்கட்டும். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு பேர் வாழும் ஊராட்சி, குளியல் மாளிகையும் விளையாட்டரங்கும் என்று கடன் வாங்கிக் கட்டி, 1990களின் முடிவில் 346 மில்லியன் பிராங்க் கடனில் நின்றது. கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியைக் கைகழுவ வேண்டி வந்தது. எங்கள் சம்பளத்தில் ஐந்து பிராங்க் கூட்டிக் கேட்டால் மூக்கைச் சுழிப்பார்களே, அது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் பிறகு இது என் பங்கு. குளிக்கப் போகிறவர்கள் ஊருக்கு மேலே இருக்கும் கெம்மி கணவாய்க்கும் போய்வாருங்கள். கேபிள் கார் இருக்கிறது. கோடையில் டவுபன் ஏரிக்கரையில் ஆட்டிடையர் திருவிழா நடக்கும். முகமும் முழங்காலும் கறுத்த, சுருள்கொம்புச் செம்மறிகளை முதல் தடவை அங்கேதான் கண்டேன். இடையர் ஒருவர் என் உள்ளங்கையில் உப்பைக் கொட்டியதுதான் தாமதம், பத்துப் பதினைந்து ஆடுகள் மொய்த்து என்னைத் தள்ளி விழுத்திவிட்டன. அவர் தூக்கிவிடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இறங்குவதற்குப் பாறையைக் குடைந்து போட்ட பாதை உண்டு. 1739 முதல் 1741 வரை ஆஸ்திரியாவின் தீரோல் பகுதித் தொழிலாளர்கள் வெட்டியது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பாதாளம், படிபடியாக வளைவு. நான் நடந்து இறங்கி, மறுநாள் முழுவதும் தொட்டியிலேயே கிடந்தேன். முழங்கால் வலிக்கார அம்மாவைக் கேபிள் காரிலேயே இறக்குங்கள்.