சுவரோரம் போன துகள் திரும்பி வரமாட்டேன் என்கிறது – யாராவது உதவுங்கள்

நந்தினி, பெங்களூரு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, 2 மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) துகள் ஒவ்வொன்றின் ஒரு பாதிக்கு மட்டும் பிளாட்டினம் பூசி, 5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடவிடுகிறேன். பிளாட்டினம் பெராக்சைடைச் சிதைப்பதால் துகள் தானாகவே ஓடும். சேனலின் (திரவம் நிற்கும் நுண்ணிய கண்ணாடிக் கால்வாயின்) நடுவில் நன்றாகவே ஓடுகின்றன. பக்கச் சுவரைத் தொட்டால் போச்சு, அதை ஒட்டியே போகின்றன. அரை நிமிடம் ஆனாலும் விலகுவதில்லை. எம்.எஸ்.டி. (நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரி) – நேரம் லாக்-லாக் வரைபடத்தின் சாய்வு 2-லிருந்து (நேராக ஓடுவது) 1-க்கு (திசைமாறி அலைவது) இறங்கவே இல்லை. கண்ணாடியில் அழுக்கா? வைவா வேறு நெருங்குகிறது.

முரளி:
அழுக்கென்றால் துகள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், ஓடாது. முதலில் நீரோட்டத்தைச் சந்தேகப்படுங்கள். எங்காவது ஆக்சிஜன் குமிழ் உட்கார்ந்திருந்தால், அது வளர வளரத் தண்ணீரைத் தள்ளும். எல்லாத் துகளும் ஒரே பக்கமா போகின்றன?

நந்தினி:
இல்லை அண்ணா. ஒரே சுவரில் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வதும் உண்டு. குமிழ் எதுவும் தெரியவில்லை.

செல்வி:
அப்படியென்றால் இது சுவரின் வேலைதான். இந்த அளவுத் துகள் வெப்ப அதிர்வால் முகம் திரும்ப, அறை வெப்பநிலைத் தண்ணீரில் சுமார் 5 நொடி போதும். அரை நிமிடம் நேராகப் போகிறதென்றால் திரும்பவிடாமல் ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. துகள் கிளப்பும் ஓட்டமும், அதைச் சுற்றிப் பரவும் வேதிப்பொருளும் சுவர்ப் பக்கம் தடைபடுவதால், அதன் அச்சு சுவருக்கு இணையாகத் திருப்பப்பட்டு அப்படியே நிற்கிறது. பெரிய லென்ஸ் போட்டுப் பாருங்கள்: பிளாட்டினம் பூசிய கறுப்புப் பாதி பின்னால், வெளுத்த பாதி முன்னால், அரைநிலா மாதிரி தெரியும்.

இன்னொன்று, நடுவில் ஓடுவதாகச் சொல்கிறீர்களே, அவையும் பெரும்பாலும் அடிக்கண்ணாடியை ஒட்டித்தான் ஓடும். அதுவும் சுவர்தானே! ஆனால் அது தடுப்பது மேலும் கீழும் திரும்புவதை மட்டும். இடவலமாகத் திரும்பத் தடையில்லை. பக்கச் சுவரும் சேர்ந்தால் அந்தச் சுதந்திரமும் போய்விடும். இரண்டு வகைத் தடங்களையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் சாய்வு எப்படி இறங்கும்? பக்கச் சுவரிலிருந்து 20 மைக்ரானுக்கு அப்பால் இருப்பவற்றைத் தனியாகப் பிரியுங்கள். வேகத்தை, துகள் முகம் திரும்பும் முன், முதல் ஓரிரு நொடிகளிலிருந்து மட்டும் எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பெராக்சைடு இல்லாமல் ஒரு வீடியோவும் வேண்டும், வைவாவில் கேட்பார்கள்.

முரளி:
சுவர் ஈ.கோலை பாக்டீரியாவையும் பாதிக்கும்: கண்ணாடியருகே அது நேராக நீந்தாது, வட்டமடிக்கும். ஆனால் அதன் காரணம் வேறு: உடலும் கசையிழையும் (நீந்த உதவும் வால் போன்ற இழை) எதிரெதிர்த் திசையில் சுழல்வதுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நந்தினி:
பிரித்துப் போட்டேன் அக்கா. நடுத்தடங்களில் சாய்வு 1-ஐ நெருங்குகிறது, சுவர்த்தடங்களில் 2-ஐ ஒட்டியே நிற்கிறது. சுவர்த்தடங்களை விட்டுவிடலாமா?

செல்வி:
ஐயோ, வேண்டாம். அவற்றுக்கென்று தனி வரைபடம் போடுங்கள். சுவரில் எத்தனை நொடி தங்குகிறது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.