விட்சர் 2: ரோச் பக்கம் முடிச்சாச்சு, யோர்வெத் பக்கத்தை மறுக்கா ஆடலாமுங்களா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங்ல இருக்கேனுங்க. ஊட்டுக்கு வந்து சோறு தின்னு முடிக்க ராத்திரி பத்து பத்தரை ஆயிரும், அதுக்கப்பறம் ஒன்றரை மணி நேரந்தான் கேமுக்கு. தி விட்சர் 2ங்கற வீடியோ கேமை இப்படியே துளித்துளியா நாலு மாசம் ஆடி போன வாரந்தான் முடிச்சேன். இதுல நாம ஜெரால்டுங்கற பூத வேட்டைக்காரனா (விட்சர்) ஆடறோம், முதல் சாப்டர் கடைசியில ராஜாவோட ஆளு ரோச் கூடப் போறதா, எல்ஃப் கலகக்காரன் யோர்வெத் கூடப் போறதான்னு ஒரு பக்கம் தேறோணும், நான் ரோச் கூடப் போனேன்.

முடிச்ச கையோட ஊர்ல மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தேன், பவானில இருந்து என்ர மாமா பையனும் வந்திருந்தான், அவனும் இதே கேமை முடிச்சிருக்கான். பூவோடு எடுக்கறதப் பாத்துட்டு நின்னமாதிரியே ரண்டு பேரும் பேச ஆரம்பிச்சோம். ஃபோல்டெஸ்ட் ராஜாவைக் கொல்றது, பழி ஜெரால்ட் மேல விழறது, ஃப்ளாட்சம் ஊரு, அந்த ஆத்து பூதம் கெய்ரன், அது வரைக்கும் கதை ஒத்துப் போச்சுங்க. அதுக்கு மேல நான் ஹென்செல்ட் ராஜாவோட படை முகாமைப் பத்திச் சொல்றேன், அவன் வெர்கன்னு பாறையக் குடைஞ்சு கட்டுன குள்ளருக ஊருங்கறான், அங்க கலகப் படைத் தலைவி சாஸ்கியாங்கறான், அவளுக்கு விசம் வெச்சாங்கங்கறான். நான் வெர்கனுக்குள்ள போனதே முற்றுகை அன்னிக்கு மட்டுந்தான், அதுவும் சண்டை போட்டுக்கிட்டே ஓடுனதுதான் ஞாபகம். ஒரே கேமை ஆடுன ரண்டு பேரு ஒருத்தன் சொல்றத ஒருத்தன் நம்பாம நிக்கறோம்!

எனக்குக் கதை நெம்பப் புடிச்சுதுங்க. ஆனா சண்டை ஆரம்பத்துல உயிரை வாங்கிருச்சு, மருந்து குடிக்கற முறை வெறுப்பா இருந்துச்சு, மூணாவது சாப்டர் சட்டுனு முடிஞ்சு போச்சு. இந்தக் குறையெல்லாம் தெரிஞ்சும் இன்னொருக்கா முதல்ல இருந்து ஆடறதுக்கு யோர்வெத் பக்கம் அத்தனை பெருசுங்களா, இல்ல நேரா மூணாவது பாகத்துக்குப் போயிறலாமா? ஆடுனவிய உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

தோட்டத்துச்சாளை:

ஆடுங்க தம்பி. கண்டிப்பா ஆடுங்க.

எங்க தோட்டம் பெருந்துறைப் பக்கமுங்க, கீழ்பவானி வாய்க்கால் பாசனம். மொத்தம் 2,07,000 ஏக்கரு, அதைய ரண்டாப் பிரிச்சு ஒரு போகம் ஒத்தப்படை மதகுக்கு நெல்லுக்குத் தண்ணி விடுவாங்க, அடுத்த போகம் ரெட்டப்படை மதகுக்குக் கடலை எள்ளுன்னு புஞ்சைக்கு விடுவாங்க, அடுத்த வருசம் முறை மாறும். வாய்க்கா ஒண்ணுதான், பவானிசாகர் தண்ணி ஒண்ணுதான், ஆனா அக்கட்ட காட்டுல நடவு நடந்துட்டு இருக்கும், இக்கட்ட எங்க காடு காஞ்சு கெடக்கும். அந்த ரண்டாவது சாப்டர் அப்படித்தானுங்க. பாதி கேமை உங்களுக்கு விடவே இல்ல, அது இன்னும் மதகுக்கு அந்தப் பக்கந்தான் நிக்குது.

மத்த கேமுகள்ல முடிவு எடுக்கறதுன்னா என்னங்க, ரண்டு வசனம் மாறும், கடைசியில ஒரு வீடியோ மாறும், அவ்வளவுதான். இதுல சிடி ப்ராஜெக்ட் ரெட்காரங்க ஒரு சாப்டரையே ரண்டு தடவை செஞ்சிருக்காங்க, ஊரு வேற, ஆளுக வேற, வேலைக வேற, பாதிப் பேரு அதைப் பாக்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க. அந்தத் துணிச்சல் எனக்கு அவ்வளவு புடிச்சுது.

நான் முதல் தாட்டி ஆடறப்ப, யோர்வெத் கட்டுப்பட்ட கைதியாட்டம் நடிச்சுக்கிட்டு நம்ம கூட வர்றான், ராஜாவைக் கொன்ன லெத்தோ கிட்டப் பேச்சு முத்திப் போச்சு, ரோச்சோட ஆளுக நாலாப் பக்கமும் பாயறாங்க, அவன் திரும்பி ஜெரால்டுகிட்ட என்ர கத்தியக் குடுங்கறான். குடுக்கறதா, மூஞ்சில குத்தறதா. அவ்வளவு நேரமா அவனைக் கொலைகாரன்னுதான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா அவன் சொன்ன ஞாயமும் காதுல இருக்குது. நான் கன்ட்ரோலரை மடியில வெச்சுட்டு சித்த நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எது நல்லது எது கெட்டதுன்னு அந்தக் கேமு சொல்லவே சொல்லாது, அதாங்க அதோட பெருமை.

அப்பறம் அந்தப் பேய் மூடுபனி. செத்த சிப்பாய்க இன்னும் சண்டை போட்டுட்டே இருக்கற பனி, நீங்க ஹென்செல்ட் முகாம்ல இருந்து அதுக்குள்ள போயிருப்பீங்க, வெர்கன் பக்கத்துல இருந்து போறப்ப அதே பனிதான், ஆனா யாருக்காகப் போறோங்கறது மாறிப் போச்சில்ல, அப்ப அந்த எடமே புதுசா இருக்குமுங்க.

பீளமேடு_நைட்ஷிப்ட்:

அண்ணன் சொல்றதுல கதையைப் பத்தின பாகம் அத்தனையும் ஒத்துக்கறேன். ஆனா நம்ம நண்பர் குறையைப் பத்தியும் கேட்டிருக்காரு, அதை யாரும் மழுப்பக் கூடாது, ஏன்னா நான் இந்தக் கேமை 3 தடவை முடிச்சிருக்கேன், புடிச்சதுனாலதான் சொல்றேன்.

முதல் குறை மருந்து. ஸ்வாலோ மாதிரி போஷனை சண்டைக்கு நடுவுல குடிக்க முடியாது, முன்னாடியே உக்காந்து தியானம் பண்ணித்தான் குடிக்கோணும். விட்சருன்னா வேட்டைக்கு முன்னாடி தயாராகிப் போறவன்ங்கற எண்ணம் சரிதான், அதை நான் மதிக்கறேன். ஆனா கேமு அந்த எண்ணத்துக்கு ஒத்துழைக்கணுமில்ல? பாதிச் சண்டை ஒரு பேச்சுக்கு நடுவுல, ஒரு வீடியோ முடிஞ்ச நொடியில ஆரம்பிக்குது, முன்னாடியே மருந்து குடிச்சா மருந்தோட நேரம் வசனம் கேக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும். எப்ப சண்டை வரும்னு ஏற்கனவே தெரிஞ்சவனுக்குத்தான் அந்த முறை ஒத்துவரும், அதாவது ரண்டாவது தடவை ஆடறவனுக்கு.

ரண்டாவது, முதுகுல விழுற அடி. ஃப்ளாட்சம் காட்டுல நெக்கர்ங்கற குட்டிப் பூதக் கூட்டம் மண்ணைக் கிழிச்சுட்டு எந்திரிச்சு வரும் பாருங்க, முன்னாடி நிக்கறதை வெட்டறதுக்குள்ள பின்னாடி ரண்டு சேந்து அடிச்சா ஆரம்ப லெவல்ல ஆளு காலி. அதனால எல்லாரும் என்ன பண்றோம், குவென்ங்கற காப்பு மந்திரம் போடறோம், உருள்றோம், ஒரு வெட்டு, மறுபடி உருள்றோம். அழகான வாள் சண்டையக் குடுத்துட்டு மனுசனைத் தரையில உருள வெச்சுட்டாங்க. அதுவே பத்துப் பன்னெண்டு லெவல் ஏறி வாள் திறமைப் பட்டியல்ல பாயிண்ட் போட்டதுக்கப்பறம் எதிரி எவனும் நிக்க மாட்டான். முதல்ல மலை ஏத்தி விட்டுட்டு அப்பறம் சமவெளியில விட்ட மாதிரி, அந்த ஏத்த எறக்கத்தை அவங்க சரியா அளக்கல.

முதல்ல வந்தப்ப ஒழுங்கான டுடோரியல்கூட இல்ல, அது 2.0 அப்டேட்லதான் வந்துச்சு. 2012 ஏப்ரல்ல என்ஹான்ஸ்ட் எடிஷன்னு போட்டாங்க, மூணாவது சாப்டருக்குக் கூடுதல் வேலைகளைச் சேத்து ஏற்கனவே வாங்குனவங்களுக்கு இலவசமாவே குடுத்தாங்க, அது பெரிய மனசு. அப்படியும் அந்தச் சாப்டர் நடக்கற லாக் முயின் அவசரமா முடிச்ச ஊராத்தான் தெரியுது. முன்னாடி ரண்டு சாப்டர்ல அவ்வளவு முடிச்சு போட்டாங்க, அவுக்கறதுக்கு எடம் பத்தல.

எனக்கு நெஜமாவே வருத்தம் இதுதான். நீங்க யோர்வெத்தோட நின்னு வெர்கனைக் காப்பாத்தி, சாஸ்கியாவோட முழுக் கதையும் தெரிஞ்சுக்கிட்டு, 2015ல வந்த மூணாவது பாகத்துக்குப் போறீங்கன்னு வைங்க, அங்க யோர்வெத்தும் இல்ல, சாஸ்கியாவும் இல்ல. ரோச் மட்டும் நீங்க எந்தப் பக்கம் போயிருந்தாலும் வந்துருவான். உயிரோட விட்டிருந்தா லெத்தோவும் வர்றான், அது நல்லாவும் இருக்குது. ஆனா ஒரு முழுப் பாதையில நடந்தவங்களுக்கு அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்லாம விட்டது சரியில்லைங்க.

இத்தனையும் சொல்லிட்டு என்ர பதில், ஆடுங்க. ஆனா முதல்ல இருந்து வேண்டாம். ஃப்ளாட்சம் கடைசியில உங்க சேவ் இருக்குதான்னு தேடுங்க. கத்தி குடுத்தீங்களோ இல்லையோ, அதுக்கப்பறம் ஊருக்குத் திரும்பினதும் யாரோட போறதுன்னு தனியா ஒரு முடிவு இருக்குது, அதுக்கு முன்னாடி ஒரு சேவ் இருந்தாப் போதும்.

கருமத்தம்பட்டி_குமரன்:

நான் கொஞ்சம் மாறுபடறேன். ரண்டு பாதையும் கடைசியில லாக் முயின்லதானே வந்து சேருது? 16 முடிவு இருக்குதுன்னு அவங்களே சொன்னாங்க, ஆனா அதுல பாதி, இவன் இருந்தான், அவன் செத்தான்னு நாம எடுத்த முடிவுகளைக் கூட்டிக் கழிச்சு வர்ற கணக்குதான். கிளை பிரியற எடம் அருமை, சேர்ற எடம் அவ்வளவு அருமை இல்லைன்னுதான் நான் சொல்லுவேன்.

தோட்டத்துச்சாளை:

சேர்ற ஊரு ஒண்ணுதான் தம்பி, ஆனா அங்க நீங்க செய்யற சோலி ஒண்ணு இல்லீங்களே. ரோச்சோட போனவன் ஃபோல்டெஸ்டோட சின்னப் புள்ளையக் காப்பாத்தறதா ஜெரால்டோட காதலி ட்ரிஸ்ஸைக் காப்பாத்தறதான்னு நிக்கறான். யோர்வெத்தோட போனவன் சூனியக்காரி பிலிப்பா போட்ட மந்திரத்துல இருந்து சாஸ்கியாவை விடுவிக்க, ட்ரிஸ்ஸை விட்டுட்டுப் போறதான்னு நிக்கறான். அந்த வலி ரண்டுலயும் வேற வேற. அவசரமா முடிச்சாங்கங்கறதை நான் மறுக்கல.

ஆழியார்_ஓரம்:

எல்லாரும் பெரிய முடிவுகளையே பேசறீங்க. எனக்கு இந்தக் கேமுன்னாலே ஃப்ளாட்சம் பக்கத்துல இருக்கற அந்தப் பாலத்து ட்ரோல்ங்கற பூதந்தான். முன்னெல்லாம் பாலத்தை ரிப்பேர் பண்ணி வர்றவங்க போறவங்ககிட்டக் காசு வாங்கிப் பொழச்சுட்டு இருந்திருக்கு, இப்பக் குடிச்சுட்டுக் கெடக்குது, ஊருக்காரங்க அதைத் தீர்த்துருங்கறாங்க. போய் என்னன்னு கேட்டா பொண்டாட்டியைக் கொன்னுட்டாங்க. அவ தலையைத் தேடிப் போனா ஊருக்குள்ளயே ஒரு ஊட்டுல சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க! அதைப் பாத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. பூதம் யாரு மனுசன் யாருன்னு ஒரு வார்த்தை பேசாம அந்த ஒரு சுவரு சொல்லிருதுங்க. தனியா கிளை பிரியற வேலைகூட இல்ல அது, சும்மா ஓரமா இருக்கற வேலை.

யோர்வெத் பக்கம் ஆடறப்ப அதையும் முடிச்சுட்டுப் போங்க, முதல் தடவை விட்டிருந்தீங்கன்னா.

நொய்யல்கரை:

எல்லாத்துக்கும் நெம்ப நன்றிங்க. ட்ரோலை நான் கொன்னு போட்டுட்டேன், கேக்கவே இல்ல. இப்ப வெசனமா இருக்குது.

சேவ் தேடுனேன், ஊருக்குத் திரும்பினதும் ஒண்ணு இருந்துச்சு, நல்ல வேளை. யோர்வெத்தோட கிளம்பி அந்தக் கைதிகப் படகைப் புடிச்சு, பொம்பளைக இருக்கற கோபுரத்துக்கு ஃப்ளாட்சம் தளபதி லொரெடோ தீ வெக்கறான் பாருங்க, அங்க அவனைத் துரத்தாம உள்ள போயி அவியளைக் காப்பாத்திட்டேன். அவன் தப்பிச்சுட்டான். ரோச் பக்கத்துல அவனை என்ர கையாலயே கொன்னிருந்தேன், அதனால அந்த எடத்துல மனசு ரண்டாச்சு.

ஒரே ஒரு சந்தேகம், வெர்கன்ல நுழைஞ்சதும் படம் திக்கித் திக்கி ஓடுது. ஃப்ளாட்சம்ல இந்த அளவுக்கு இல்லீங்க. செட்டிங்ஸ்ல எதைக் குறைக்கறது?

பீளமேடு_நைட்ஷிப்ட்:

ஊபர்சாம்ப்ளிங்னு ஒண்ணு இருக்கும், அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். ஆப்ஷனை அல்ட்ராவுக்கு ஏத்தும்போது அதையும் ஆன் பண்ணி விட்டிருப்பீங்க. நல்ல கிராபிக்ஸ் கார்டையே மண்டி போட வெக்கற செட்டிங் அது. அப்பவும் திக்குச்சுன்னா நிழலோட தரத்தை ஒரு படி எறக்குங்க.

நொய்யல்கரை:

ஊபர்சாம்ப்ளிங் ஆஃப் பண்ணதும் வழுக்கிட்டு ஓடுதுங்க, நன்றிங்ணா.

நேத்து ராத்திரி சாஸ்கியாவுக்கு விசம் வெச்ச எடம் வந்துச்சு. இப்ப இளவரசன் ஸ்டென்னிஸ் அறைக் கதவுக்கு முன்னாடி நிக்கறேன். ஊருக்காட்டுச் சனங்க ஒரு பக்கம், அவனை வெளிய விடு நாங்களே தீத்துக்கறோம்ங்கறாங்க, பிரபுக்க ஒரு பக்கம், விசாரணை வெக்கோணும்ங்கறாங்க. அவளைக் காப்பாத்தற மருந்துக்கு ராஜ ரத்தம் வேற வேணும், சனங்க கிட்ட விட்டுட்டா அது இங்கயே கெடைச்சிரும். அவன் மேல எனக்குச் சந்தேகம் இருக்குது, ஆனா அவன்தான் பண்ணுனான்னு கைய வெச்சுச் சொல்ற அளவுக்கு எதுவும் கையில இல்ல. மாமா பையனுக்கு அந்நேரத்துலயே ஃபோன் பண்ணினேன், அவன் சனங்க கிட்ட விட்டுட்டானாம், விட்டதுக்கப்பறம் அந்த ரத்தத்தை எடுக்கறப்ப கை கூசுச்சுன்னான்.

நான் அப்படியே சேவ் பண்ணிட்டுப் படுத்துட்டேன். ஹென்செல்ட் முகாம் வரைக்கும் மறுக்கா போயி அந்த ராஜாவோட ரத்தத்தைக் கொண்டுவர வழி இருக்குதுன்னு சொன்னான், அந்த முகாமோட சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியுமில்ல, நான் அங்கதானே ஒரு சாப்டர் முழுக்க இருந்தேன். அதனால விசாரணைக்கே விட்டுரலாம்னு இருக்கேன். இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து ஆடிட்டுச் சொல்றேனுங்க.