வானொலி, தொலைக்காட்சி நிலையங்களோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன? – அனுபவப் பகிர்வு

வைகறைக் குரல் எழுதியது:

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள வானொலி நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அங்கே தற்காலிக அறிவிப்பாளர். மாதத்துக்கு ஆறு பணிகள், பணிக்கு இவ்வளவு என்று ஊதியம், சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. இந்த ஏற்பாடு இங்கே பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் விளக்கவில்லை. சொல்ல வந்தது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி.

நேயர் விருப்பம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்தது ஒரு பெரியவரின் குரல். என்ன பாடல் வேண்டும் ஐயா என்று கேட்டேன். "பாட்டு கெடக்கட்டும் தாயி. எங்க கம்மாய் மடை ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு. நீங்க கவர்மெண்டுதானே, எழுதிக்கோங்க" என்றார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பணி அலுவலர், பேச்சை முடி என்று கையால் சைகை காட்டினார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்தபடியே, "ஐயா, நாங்க கவர்மெண்ட் இல்லைங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "கவர்மெண்டும் இல்ல, கம்பெனியும் இல்லேன்னா நீங்க யாரு தாயி?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். பதில் வராமல் ஏதோ ஒரு பாடலை ஓடவிட்டேன்.

பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியது, 1997 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது, வானொலியும் தூர்தர்ஷனும் அந்தத் தன்னாட்சி நிறுவனத்தின் இரு கைகள் என்பதையெல்லாம் குரல் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள்தான் நான். அவருக்கு அதை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பணியறை நாற்காலி எழுதியது:

சகோதரி, உங்கள் பெரியவர் கேட்ட கேள்வியை 1984 அக்டோபர் 31 அன்று என்னிடம் வேறொருவர் வேறு விதமாகக் கேட்டார். அப்போது நான் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத ஒலிபரப்பு நிர்வாகி. பணியறையில் கறுப்புத் தொலைபேசி ஒன்றும், நிகழ்ச்சி நிரல் தாளும், எது எத்தனை நொடி பிந்தியது என்று குறிக்கும் பதிவேடும் மட்டுமே எனக்குத் துணை. பிற்பகலில் ஒருவர் அழைத்து, "பிரதமர் இறந்துவிட்டார் என்று லண்டன் பிபிசி சொல்லிவிட்டது, நீங்கள் ஏன் இன்னும் சொல்லவில்லை?" என்று கேட்டார். பணியறை அலுவலர் தாமாக எந்தச் செய்தியையும் ஒலிபரப்ப முடியாது, செய்தி என்பது செய்திப் பிரிவின் வேலை, அதுவும் டெல்லி சொன்ன பிறகே என்பதுதான் முறை. "எனக்குத் தெரியாது" என்றேன். எனக்குத் தெரியும். அடுத்த அறையில் சிற்றலை ரேடியோவில் நானும்தான் லண்டனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில்தான் நம் வானொலி அதை அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஏமனிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது, புதிய பிரதமர் பதவியேற்க வேண்டியிருந்தது, வதந்தியால் நாடு பற்றியெரியக்கூடாது என்ற அச்சமும் இருந்தது. காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த "தெரியாது" என்ற சொல் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அன்று நாங்கள் ஒளிவுமறைவே இல்லாமல் அமைச்சகத்தின் ஒரு துறை. இன்று உள்ள நிலையை, நான் ஓய்வுபெறும்வரை கண்ட அளவில் சொல்கிறேன். மேலே ஒரு வாரியம் இருக்கிறது. அதில் ஒரு தலைவர், தலைமைச் செயல் அலுவலராகிய நிர்வாக உறுப்பினர், நிதிக்கும் பணியாளர்களுக்கும் தனித்தனி உறுப்பினர்கள், பகுதிநேர உறுப்பினர்கள் ஆறு பேர், வானொலி, தூர்தர்ஷன் தலைமை இயக்குநர்கள், அமைச்சகத்தின் பிரதிநிதி ஒருவர், ஊழியர் பிரதிநிதிகள் இருவர் என்று சட்டம் வகுத்திருக்கிறது. தலைவரையும் உறுப்பினர்களையும் பரிந்துரைப்பது குடியரசுத் துணைத் தலைவர், பத்திரிகை மன்றத் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் ஆகிய மூவர் குழு. தாளில் இது நல்ல வேலி. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இதை ஒலிபரப்பு, இதை ஒலிபரப்பாதே என்று உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 22 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்றும் நேயர் புகாரைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் ஒன்றும் சட்டத்தில் உண்டு. என் பணிக்காலத்தில் அவற்றிலிருந்து ஒரு கடிதம்கூட என் மேசைக்கு வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007 அக்டோபர் 5ஆம் தேதிக்கு முன் பணியில் சேர்ந்த நாங்கள், ஓய்வுபெறும்வரை அயற்பணியில் (டெபுடேஷனில்) இருக்கும் மத்திய அரசு ஊழியர்களாகவே சட்டத்தால் கருதப்பட்டோம். மாநிலச் செய்திப் பிரிவை நடத்துகிறவர்களோ அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்தியத் தகவல் பணியிலிருந்து வருகிறவர்கள். ஆகவே நீங்கள் அந்தப் பெரியவரிடம் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான்.

வரிகட்டி எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 2025 கோடையில் லண்டனில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு காலை அண்ணி வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, "டிவி லைசென்ஸ் பணம் போயிற்று" என்றார். அப்போது ஆண்டுக்கு 174.50 பவுண்டு. முகம் சுளித்தார், ஆனால் அன்று இரவே பிபிசியில் ஒரு அமைச்சரை நெறியாளர் குடைந்தெடுத்ததைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவரும் அவர்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் பணம் கட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. இங்கே ஊழியர் சம்பளத்துக்கு மத்திய அரசின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கும் நிறுவனம் எப்படித் தன்னாட்சி ஆகும்? வீட்டுக்கு இவ்வளவு என்று நேரடியாக நம்மிடமே வசூலித்தால், யாருக்கும் அஞ்ச வேண்டாமே.

மர்ஃபி வீட்டுப் பையன் எழுதியது:

தம்பி வரிகட்டி, நீங்கள் கேட்கும் மருந்தை இந்த நாடு ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்துவிட்டது. அந்நாளில் ரேடியோ வைத்திருந்தால் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். எங்கள் வீட்டில் பழைய மர்ஃபி ரேடியோ பழுதான பின் அப்பா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். அந்த ஆண்டு விளைச்சல் சரியில்லாததால் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. லைசென்ஸ் ஆய்வாளர் தெருவுக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்ததும், அப்பா பாடிக்கொண்டிருந்ததை அப்படியே தூக்கி நெற்குதிருக்குள் போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஏழு வயது. ஆய்வாளர் என்னைப் பார்த்துச் சும்மா சிரித்தார். நானாகவே, "எங்க ரேடியோ குதிருக்குள்ள இல்ல" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பழமொழியை அதன்பிறகு யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த ஒரு நொடி அமைதியில் நெல்லுக்கு உள்ளேயிருந்து நாதசுரம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அபராதத்தோடு பணம் கட்டினார், என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் கட்டணம் இருந்த அந்தக் காலம் முழுவதும் வானொலி அமைச்சகத்தின் துறையாகத்தான் இருந்தது. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோதும் அப்பா பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார், வானொலி என்ன பேசியது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதைவிட, கோப்பு யார் மேசைக்குப் போகிறது என்பதே முக்கியம். உங்கள் அண்ணி கட்டும் தொகையை நிர்ணயிப்பதும் அந்நாட்டு அரசுதான். பிபிசியின் சாசனமும் 2027 இறுதிவரைக்கும்தான், பிறகு அதுவும் புதுப்பித்துக்கொள்ள நிற்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் இங்கே அந்தக் கட்டணத்தை ஒழித்தபோது எங்கள் தெருவில் ஒருவரும் அழவில்லை.

தோடி கண்டவர் எழுதியது:

என் அனுபவம் சிறியது. கர்நாடக இசைக் குரல் தேர்வுக்குப் போயிருந்தேன். பாடுகிறவர் யாரென்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எண் மட்டுமே கொடுப்பார்கள். ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்ததும் கச்சேரிப் பழக்கத்தில் குருவின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டேன். சுவரில் இருந்த ஒலிபெருக்கி, "எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்றது. அதற்குப் பிறகு தோடி ராகத்தில் என் காந்தார சுரம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. தேர்வாகவில்லை. குருவின் பெயராலா, காந்தாரத்தாலா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இனித் தேர்வுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பி, பி உயர்நிலை, ஏ, அதற்கும் மேல் தலைநிலை என்று தரங்கள் உண்டு; ஊதியம் தரத்தைப் பொறுத்தது. உள்ளூர்க் குழுவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, மேல்தரங்களுக்கான ஒலிப்பதிவு டெல்லியில் உள்ள இசைத் தேர்வு வாரியத்துக்குப் போகும். ஆகவே நேருக்கு நேர் மயக்கும் முகபாவமெல்லாம் அங்கே செல்லாது, சுருதி ஒன்றுதான் பேசும். எழுதிக்கொடுக்கும் பட்டியலில் உள்ள உருப்படி ஒவ்வொன்றையும் நடுவில் எங்கிருந்து கேட்டாலும் தொடங்கத் தெரிந்திருக்க வேண்டும். நமக்குப் பிடித்ததை முதலில் பாட விடுவார்கள் என்று நம்பக்கூடாது. வெறும் வயிற்றில் போகாதீர்கள், தயிர்ச்சாதமும் வேண்டாம். நிகழ்ச்சி கிடைத்தால் ஒப்பந்தத் தாளை ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகலை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வைகறைக் குரல் அம்மாவும் ஒவ்வொரு பணிக்கான தாளையும் பத்திரப்படுத்த வேண்டும், அறிவிப்பாளர்களுக்கான வாணிச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்திருந்தால் அதன் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். நேரலையில் யார் என்ன கேட்டாலும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற நான்கு சொற்களுக்கு மேல் பேசவேண்டாம். நாங்கள் அரசு இல்லை என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று நாளைக்கு ஒரு குறிப்பாணை வந்தால் என்ன செய்வீர்கள்? பணியறை ஐயா சட்டப் பிரிவுகளை அடுக்கிய அளவுக்கு இதை எச்சரிக்கவில்லை என்பது என் வருத்தம்.

கோபுரத்தடி எழுதியது:

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதில் மூன்று சொற்கள்தான் உள்ளன.

நான் குரல் பக்கத்து ஆள் இல்லை, இயந்திரப் பக்கம். வெளியே இருப்பவர்களுக்கு வானொலி, தூர்தர்ஷன் என்றால் அறிவிப்பாளரும் பாடகரும்தான். நான் இருந்த இடத்தில் ஒலிவாங்கியே கிடையாது. அது ஒரு சிற்றூர்த் தூர்தர்ஷன் மறுஒளிபரப்பு நிலையம்: ஓர் அறை, ஒரு கோபுரம், செயற்கைக்கோளைப் பார்த்து ஒரு கிண்ணம், சில தொழில்நுட்ப ஊழியர்கள், ஒரு ஜெனரேட்டர். 1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் நட்ட கோபுரங்களின் வகைதான் எங்களுடையதும். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவதை வாங்கி, சுற்றியுள்ள ஊர்களின் மீன்முள் ஆண்டெனாக்களுக்கு அனுப்புவதே வேலை. பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது. எங்கள் அலையைப் பிடிக்கும் ஆண்டெனா அந்த ஊரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது எங்களுக்கே தெரியும். 2022க்குள் நாட்டின் அனலாக் கோபுரங்கள் ஏறக்குறைய எல்லாமே நிறுத்தப்பட்டன. எங்களுடையதை நிறுத்தச் சொல்லி வந்த உத்தரவில் தவறு காண என்னிடம் ஒன்றும் இல்லை.

திறனை மெல்லக் குறைத்து, சுவிட்சைத் தள்ளினேன். அலையை அனுப்பும் கருவியான பரப்பி சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு காற்றாடி இடைவிடாமல் இரைந்துகொண்டே இருக்கும். பணிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்கு மேல்தான் நாங்கள் பேசிப் பழகியிருந்தோம். அது சுழன்று சுழன்று நின்றபோது, உடன் இருந்தவர் வழக்கம்போல உரத்த குரலில், "முடிஞ்சுதா சார்?" என்று கத்திவிட்டு, தம் குரலைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டார். வெளியே வந்தால் தேநீர்க் கடைக்காரர், "சார், இனிமே ராத்திரி டவர் லைட்டு எரியுமா? பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவங்க அதப் பாத்துத்தான் எறங்குவாங்க" என்றார். அத்தனை ஆண்டு ஒளிபரப்பில் அந்த ஊருக்குக் கடைசியாகத் தேவைப்பட்டது விமானங்களுக்காக வைத்த சிவப்பு விளக்குதான்.

வரிகட்டி நண்பருக்கு ஒரு சொல். செலவு சம்பளத்தோடு முடிவதில்லை. பரப்பி, கோபுரம், நிலம், மின்கட்டணம் எல்லாம் உண்டு. புதிய கருவிகளுக்காக 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 2,539.61 கோடி ரூபாய். விளம்பரம் விற்று அந்தத் தொகையைச் சேர்க்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் டிஷ் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் அம்மாவுக்கு டிடி ஃப்ரீ டிஷ் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். "மாசாமாசம் யாருக்குக் கட்டணும்?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் ஒருமுறை கொடுத்ததோடு சரி. அதில் இடம்பிடிக்கத் தனியார் சேனல்கள்தான் ஏலத்தில் கோடிகளைக் கொட்டுகின்றன, அந்த வருமானம் பிரசார் பாரதிக்குப் போகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் அதைப் போடவே இல்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா குடுக்கிறவன் பின்னாடி வந்து கேப்பான்" என்றார். குதிருக்குள் ரேடியோ ஒளித்த தலைமுறையைச் சேர்ந்தவர்தானே என்று இப்போதுதான் புரிகிறது.

வைகறைக் குரல் எழுதியது:

தோடி ஐயா, தாள்களை எல்லாம் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், அக்கறைக்கு நன்றி. பணியறை ஐயா, உங்கள் "பாதி உண்மை" என்ற சொல்லோடுதான் சென்ற வாரப் பணிக்குப் போனேன்.

அன்று அந்தப் பெரியவர் மறுபடியும் அழைத்தார். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவருக்கு என்னை நினைவில்லையா, இல்லாததுபோல் காட்டிக்கொண்டாரா தெரியவில்லை. இந்த முறை மடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மற்ற நேயர்களைப் போலவே வீட்டில் உள்ளவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி, பழைய பாடல் ஒன்றைக் கேட்டார். மடை என்னவாயிற்று என்று கேட்க வாய்வரை வந்தது. கண்ணாடிக்கு அப்பால் பணி அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடலை ஓடவிட்டேன்.